மணலடி லேசாகிப்போன நாட்கள்

மாதா சப்பரம் ஊரைச் சுற்றி வந்து கோயிலுக்குள் நுழைந்த மறுநாள் காலை, மணலடி ஊரே லேசாகிப் போயிருந்தது. கரையில்தான் அது முதலில் தெரிந்தது. வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறிய ஆண்கள், அது வழக்கம்போல் அமிழாமல் தேங்காய் மட்டை மாதிரி தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பார்த்தார்கள்; பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தபோது, எதிரில் நிற்பவனின் ஓரமெல்லாம் ஈரச்சுவரில் ஊறிய சுண்ணாம்புபோலக் கலைந்திருப்பதையும், கன்னமும் தாடியும் ஒரே நிறமாகக் கரைந்திருப்பதையும், கண் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு தீற்றல் மட்டும் இருப்பதையும் கண்டார்கள்.

"ஏலே, நீ இஞ்ஞாசிதான?"

"நாந்தான். குரல் தெரியலயா?"

"குரல் தெரியுது. அப்பச் சரி, தள்ளு."

அவ்வளவுதான். அன்றைக்கு மீன்பாடும் நன்றாகவே இருந்தது, மீன்களுக்கு மனுஷர் முகத்தைப் பற்றி என்ன கவலை.

கோயில் தெருவில், அக்கா வீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த பிரகாசி மட்டும் அன்று காலை இருந்தபடியே இருந்தாள். கல்யாணம், புதுநன்மை, அடக்கம் என்று ஊரில் எது நடந்தாலும் படம்பிடித்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள் அவள். இந்த வருஷத் திருவிழாவுக்கு ஊர்க்கமிட்டி தூத்துக்குடியிலிருந்து பெரிய கேமராக்களை வரவழைத்திருந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் வைத்திருந்தார்கள், சப்பரத்தோடு அவர்களும் படத்தில் விழவேண்டும் என்று. ஊரே விழுந்தது. ஒரு கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரகாசி மட்டும் எந்தப் படத்திலும் விழவில்லை.

அக்கா ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, பிரகாசி திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். திரையில் மெழுகுவர்த்தியோடு நடந்த ஜெசிந்தாவுக்கு மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் என்ன கலங்கல் இருந்ததோ, அதே கலங்கல் எதிரில் நின்று, "என்னட்டி அப்பிடிப் பாக்க? சீனி பத்தலயா?" என்று கேட்டது.

பிரகாசி நேராகக் கமிட்டித் தலைவர் லெயோன் மாமா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா, அவங்க எடுத்த ஒரிஜினல் ரொம்பக் கனம். என் கம்ப்யூட்டர் தாங்காது. அதனால லேசா ஒரு காப்பி எடுத்துக்கிட்டு அதுல வெட்டி ஒட்டுதேன். படம் கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும், ஆனா மிஷின் ஓடும். எல்லாம் முடிஞ்ச பெறவு, லைட் காப்பி இருந்த எடத்துல ஒரிஜினலக் கோத்துருவேன். இப்ப ஊரு லைட் காப்பியில இருக்கு."

லெயோன் மாமா தன் கையைத் தூக்கிப் பார்த்தார். ஐந்து விரலும் ஒட்டினாற்போல ஒரு துடுப்பு மாதிரி தெரிந்தது.

"அதான பாத்தேன்," என்றார். "ஒரிஜினல் பத்திரமா இருக்கா?"

"இருக்கு மாமா. ஹார்டு டிஸ்க்குல இருக்கு."

"அப்பப் பெறவென்ன. அவசரப்படாத. நல்லா நிதானமாப் பண்ணு."

பூசையில் பங்குச்சாமி இதை அறிவித்தார். திருமண அறிவிப்புக்கும் குருசடி வெள்ளையடிப்பு அறிவிப்புக்கும் நடுவில் அது வந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் தன் லேசுக்குப் பழகிக்கொண்டது. பெண்கள் தங்கள் வீட்டுக்காரரை நடையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளுக்கு வேறுவேறு நிறத்தில் சட்டை போட்டு அனுப்பினார்கள். ரேஷன் கடை இயந்திரம் யாருடைய கட்டைவிரலையும் ஏற்கவில்லை, விரலில் ரேகையே இல்லாதபோது அது எதைப் படிக்கும்? கடைக்காரர் இயந்திரத்தைத் துணிபோட்டு மூடிவிட்டு, குரலைக் கேட்டு அரிசி அளந்தார். மஸ்கட்டிலும் தோஹாவிலும் இருந்த பிள்ளைகள் வீடியோ காலில் அம்மாவைப் பார்த்து, "நெட்டு சரியில்லம்மா, மாடிக்குப் போய்ப் பேசுங்க" என்றார்கள். அம்மாக்களும் மாடிக்குப் போய்ப் பேசினார்கள்.

லேசானது முகம் மட்டுமல்ல என்பது மெல்லத்தான் தெரியவந்தது. முழங்கால் வலி, அது வலி என்று தெரிந்ததே தவிர எந்த இடத்தில் என்று தெரியாத அளவுக்கு மங்கிப்போனது. வேலித் தகராறில் வருஷக்கணக்காய்ப் பேசாதிருந்த இரண்டு வீட்டார், அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது சொல்சொல்லாக நினைவுக்கு வராததால், பேசாமலிருக்கக் காரணம் போதாமல் பேசிக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை மளமளவென்று நகர்ந்தது. "என்னமோ தப்புப் பண்ணிருக்கேன் சாமி, சரியாத் தெரியல" என்று அவர்கள் சொன்னார்கள். தானும் சப்பரத்துக்கு முன்னால் நடந்து படத்தில் விழுந்திருந்த சாமி, "சரி, என்னமோ ஒரு செபம் சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார். சாயங்காலங்களில் கடல்காற்று வந்தால் ஊரே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஆடியது, கொடியில் காயும் வேட்டிகள் மாதிரி.

ஜெசிந்தா சிரித்தாள். இதைத்தான் பிரகாசியால் நம்ப முடியவில்லை. போன ஐப்பசி மழையில் ஜெசிந்தாவின் ஒரே பிள்ளை டைட்டஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பு கிடையாது. அடக்கம் முடிந்த கையோடு அவள் புருஷன் கஸ்பார் கடலுக்குப் போய்விட்டான். "புள்ளய மண்ணுக்குள்ள வச்ச கை காயல, அதுக்குள்ள வலையப் பிடிச்சிட்டாரு" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவில்லை. தட்டை வைப்பாள், தண்ணீரை வைப்பாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அந்த ஜெசிந்தா இப்போது சமையலறையில் பாடிக்கொண்டே மீன் அறுத்தாள். கஸ்பார் வந்தால், "வந்துட்டியளா? இன்னிக்கு ஊளி மீனு கெடச்சுதாமே" என்றாள். இரண்டு கலங்கல்களும் எதிரெதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டன. துக்கம் இல்லாமல் போய்விடவில்லை. அடுத்த தெருவில் யாரோ ஒருவருக்கு நேர்ந்தது மாதிரி அது தள்ளிப்போயிருந்தது.

மாடியில் பிரகாசி வேலை பார்த்தாள். முன்னே இருந்ததைப் பின்னே வைத்தாள், நீளமானதைக் குறைத்தாள், மணியோசையைச் சப்பரத்தோடு சேர்த்தாள். கீழே இருந்து அக்காவின் சிரிப்பு ஏறி வரும்போதெல்லாம் அவள் கை நின்றது. அவளுக்கு டைட்டஸ் அப்படியே இருந்தான். படிக்கட்டை ஒன்று விட்டு ஒன்று தாவி ஏறுகிறவன், "சித்தி, என்னயும் படத்துல போடு" என்று அவள் நாற்காலியைச் சுற்றிவிடுகிறவன், காய்ச்சலின்போது அவள் விரலைப் பிடித்த சூடு. ஊரில் இப்போது அவனை முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமாவது அவனைப் பற்றிச் சொல்லப்போனால், "ஆமா, நல்ல புள்ள" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். வீட்டுப் பீரோவை ஒருத்தியாய் மாடிக்குத் தூக்குகிறவள்போல அவள் அவனைச் சுமந்தாள். அக்கா கனமாகிவிட்டால் தன் கனம் பாதியாகும் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்புப் பட்டு, அன்று முழுவதும் அவள் வேலை செய்யவில்லை.

படம் வெட்டி ஒட்டி முடிந்ததை அவள் கமிட்டியிடம் சொன்னபோது, லெயோன் மாமா முகத்தைச் சொறிந்துகொண்டார்.

"இப்பிடியே குடுத்துட்டா என்னம்மா? கலங்கலாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போவுது."

கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். பாதிப் பேருக்கு மேல், இப்படியே இருப்போம் என்ற பக்கம்தான். வலியில்லை, வம்பில்லை, வள்ளத்துக்குக் கனமில்லை. அப்போது மிக்கேல் மகள் ஜொவிற்றா தன் கைக்குழந்தையோடு எழுந்தாள். திருவிழா முடிந்தபிறகு பிறந்த பிள்ளை அது, எந்தப் படத்திலும் விழாதது. அந்தக் கூட்டத்தில் அதற்கு மட்டும் இமை மயிர் எண்ணலாம்போலத் தெரிந்தது.

"எம் புள்ள என்னையே பாக்குது," என்றாள் ஜொவிற்றா. "பால் குடிக்கும்போது எம் மூஞ்சில கண்ணத் தேடுது. இங்கன பாக்கும், அங்கன பாக்கும், எங்கயும் கெடைக்காது. பெறவு அழும். வேற எதுக்கும் அழ மாட்டேங்குது, இதுக்குத்தான் அழுது. எனக்கு எம் மூஞ்சி வேணும்."

குழந்தை அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, தேடி, உதட்டைப் பிதுக்கியது. ஊரே அதைப் பார்த்தது. பங்குச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டியவர்கள் பிரகாசியிடம் போய்ச் சொல்லிக் கோத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்றார்.

ஆனால் ஒரு ஷாட்டில் ஓர் ஆள் மட்டுமா இருக்கிறார்? ஒரே ஷாட்டில் விழுந்தவர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. தெருவெல்லாம் அதே பேச்சு. "மாமி, நீங்க எஞ் ஷாட்டுலதான் நிக்கிய, சரின்னு சொல்லுங்க." "எம் மருமவகிட்டக் கேட்டுச் சொல்லுதேன், அவளும் ஓரத்துல நிக்கா." சப்பரம் தூக்கிய கொம்புக்காரர்கள் எல்லாரும் ஒரே ஷாட்டில் நின்றதால் பாலத்தடியில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். ஜொவிற்றா நின்ற ஷாட்டில் வேலித் தகராறுக்காரர்கள் இரண்டு வீடும் இருந்தது. பழைய சண்டை சொல்சொல்லாகத் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்தே, பிள்ளைக்காக அவர்கள் சரி என்றார்கள்.

பிரகாசி ஒவ்வொரு ஷாட்டாகக் கோத்தாள். அவள் கோக்கக் கோக்க, மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் அங்கங்கே ஆட்கள் துலங்கினார்கள், மூடுபனி விலகும் வயலில் நாற்று தெரிவது மாதிரி. ஜொவிற்றாவுக்கு முகம் வந்தபோது குழந்தை வாயிலிருந்து பாலை வழியவிட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்ததாம். இரண்டு கேமராவிலும் ஒரே எண் போட்ட ஷாட் ஒன்று இருந்ததைக் கவனிக்காமல் மாற்றிக் கோத்ததில், ஒரு மதியம் முழுவதும் லெயோன் மாமா மீன்காரி பிரான்சிஸ்காவின் குரலில் கூவிக்கொண்டும், பிரான்சிஸ்கா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வழக்குத் தீர்த்துக்கொண்டும் திரிந்தார்கள். சாயங்காலத்துக்குள் பிரகாசி அதைச் சரிசெய்துவிட்டாள். அந்த வழக்கு நியாயமாகத்தான் தீர்ந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

முகமும் வலியும் திரும்பி வந்ததும் ஓங்கி அழுதவர்களும் உண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. சலேத்து மாமி மட்டும் வரமாட்டேன் என்றாள். மூட்டுவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போய்ப் பல வருஷம் தன் தலையைத் தானே சீவ முடியாதிருந்தவள் அவள். கோயில் வாசலில் தனியாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் அந்த ஷாட்டில் அவள் ஒருத்திதான். "எம் முகத்த யாரு தேடப் போறா? நா இப்பிடியே சீவிக்கிட்டு இருக்கேன்" என்று துடுப்புக் கைகளால் கொண்டையை முடிந்தாள். பிரகாசி அதை அப்படியே விட்டாள்.

கடைசியில் ஒரு ஷாட் மிஞ்சியது. சப்பரம் கோயில் திருப்பத்தில் திரும்பும்போது எடுத்தது. நடுவில் மெழுகுவர்த்தியோடு ஜெசிந்தா, பின்னால் அடையாளம் தெரியாத கலங்கல்கள்; தங்களுடையது என்று கேட்டு யாரும் வரவில்லை. அக்காவிடம் கேட்க பிரகாசிக்கு வாய் வரவில்லை. கேட்காமல் கோக்கவும் கை வரவில்லை. படத்தைக் கொடுக்கச் சொல்லிக் கமிட்டியிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லி அனுப்பினாள்.

ஒரு முற்பகலில் ஜெசிந்தா தானாகவே மாடி ஏறி வந்தாள். கையில் தேத்தண்ணி இல்லை.

"கனாவுல வந்தான்டி," என்றாள்.

பிரகாசி நாற்காலியைத் திருப்பினாள்.

"யாருக்கா?"

"அவந்தான். வாசல்ல நின்னு 'அம்மா'ன்னான். மூஞ்சியே இல்லடி. ஈரத்துல எழுத்து ஊறிப்போவுமே, அப்பிடி இருந்தான். நா… நா அவன்கிட்ட, 'யாருப்பா நீ, யாரு வேணும்'னு கேட்டுட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. அழவேண்டிய இடத்தைக் காணாமல் தவிக்கிறவளின் திகைப்பு இருந்தது. "பேசாமத் திரும்பிப் போயிட்டான். என் ஷாட்டு இன்னும் கோக்கலதான?"

"இல்லக்கா."

"கோத்துரு."

"யக்கா, நீ நல்லாருக்க. சிரிக்க. நல்லா சாப்பிடுத."

"தெரியும். வலிக்குமா?"

பொய் சொல்லலாமா என்று பிரகாசி ஒரு கணம் நினைத்தாள்.

"வலிக்கும்," என்றாள். "மொதல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியேதான் வலிக்கும். குறையாது."

ஜெசிந்தா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓரங்கள் கலைந்த அவள் கை பிரகாசியின் தோளில் வந்து அமர்ந்தது; ஒரு கைக்குட்டை அளவுகூடக் கனமில்லை அதில்.

"கோத்துருடி."

பிரகாசி கோத்தாள்.

தோளில் கனம் இறங்கியது. கைக்குட்டை, பிறகு துணிமூட்டை, பிறகு ஒரு முழு மனுஷியின் கை, எலும்பும் நகமும் ரேகையுமாக. ஜெசிந்தாவின் மூச்சு உள்ளே போய், வெளியே வரும் வழி தெரியாமல் நின்று, பிறகு ஒரு சத்தமாக வந்தது. கீழ்த்தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் மேலே வரவில்லை. ஆனால் யாரும் போகவும் இல்லை. பிரகாசி அக்காவைக் கட்டிக்கொண்டாள். "எஞ் சாமி, எஞ் சாமி" என்று சொல்லிச்சொல்லி ஜெசிந்தா அழுதாள், பிள்ளையை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

தலையை நிமிர்த்தியபோதுதான் திரை அவள் கண்ணில் பட்டது. மெழுகுவர்த்திக்குப் பின்னால் கலங்கல்களாக இருந்தவை இப்போது ஆட்கள். அவளுக்கு நேர் பின்னால் கஸ்பார் நடந்துகொண்டிருந்தான்.

"இவரு சப்பரம்லா தூக்குனாரு," என்றாள் ஜெசிந்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இங்க எப்பிடி?"

பிரகாசி படத்தை நிறுத்தினாள். லைட் காப்பியில் அவன் தோளில் சிவப்பாக ஒரு கறை இருந்தது. கடற்கரைக்காரர்கள் போடும் துண்டு என்று நினைத்துத்தான் அத்தனை நாளும் அதைத் தாண்டிப்போயிருந்தாள். இப்போது அதில் பொத்தான்கள் தெரிந்தன. சின்னதாக ஒரு பை தெரிந்தது, காலர் தெரிந்தது. அது பிள்ளை சட்டை. கஸ்பார் டைட்டஸின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாதாவுக்குப் பின்னால் நடந்திருந்தான், யாரும் துண்டு என்றே நினைக்கும்படி மடித்து. அவனுடைய வலது கை, விரித்தபடி, ஜெசிந்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்றது. பிரகாசி ஷாட்டை ஓடவிட்டாள். ஜெசிந்தாவின் கால் தடுக்கும் இடத்தில் அந்தக் கை முன்னால் வந்தது, அவள் சமாளித்ததும் பின்னால் போனது, ஆனால் விலகவே இல்லை. திருப்பம் முழுவதும், தொடாமல், அது அவளோடு நடந்தது.

"பீரோவுல இருந்த சட்ட," என்றாள் ஜெசிந்தா. "நா பீரோவத் தெறக்கவே இல்ல. தெறக்க முடியலட்டி." இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "அவரு கூட என் ஷாட்டுலயா இருந்தாரு? அப்ப அவரும் இப்ப…"

அவள் எழுந்து ஓடினாள். படிக்கட்டில் அவள் காலடி ஒவ்வொன்றும் கனத்து விழுந்தது. பிரகாசி பின்னால் ஓடினாள். தெருவில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

கஸ்பாரின் வள்ளம் கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஆழமில்லாத தண்ணீரில் நின்றது, ஊரிலேயே கடைசியாக மேலே மிதந்துகொண்டிருந்த வள்ளம் அது, இப்போது விளிம்புவரை இறங்கி. கூட வந்தவர்கள் குதித்து வந்துவிட்டார்கள். அவன் மட்டும் முன்பக்க அணியத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான், இறங்கத் தெரியாதவன் மாதிரி. ஜெசிந்தா சேலையோடு தண்ணீருக்குள் போனாள். இடுப்பளவு வந்ததும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். கண், மூக்கு, உப்பு படிந்த தாடி, எல்லாம் இருந்தது.

"கடல்ல போயித்தான் அழ முடிஞ்சிது," என்றான், அவள் ஏதோ கேட்டதுபோல. "வீட்ல உம் முன்னால முடியல. நீ ஒடஞ்சிருவன்னு பயமா இருந்துச்சு."

"நா ஒடஞ்சுதான போனேன்."

அவள் வள்ளத்தை விடவில்லை. அலை வந்து இரண்டு பேரையும் தூக்கி இறக்கியது.

"அந்தச் சட்டைய," என்றாள் ஜெசிந்தா, "பள்ளிக்கூட வெளாட்டு நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போனவன், சேறு மாதிரி கருப்பாப் பூசிட்டு வந்தான். நா அடிச்சேன். எங்க போயி உருண்டன்னு கேட்டதுக்குச் சொல்லவே மாட்டேன்னுட்டான்."

கஸ்பார் கையால் முகத்தைத் துடைத்தான்.

"எங்கயும் உருளல," என்றான். "இந்த வள்ளத்துக்கு அடியிலதான் கெடந்தான். எனக்குத் தார் பூசப் படிச்சுக் குடுங்கன்னு வந்து நின்னான். பள்ளிக்கூடத்துல ஓடலயாலேன்னு கேட்டேன். ஓடுனா தோத்துருவேன், அம்மாகிட்டச் சொல்லாதீயன்னான்."

பிரகாசி மணலில் நின்றபடியே இதைக் கேட்டாள். டைட்டஸை முழுசாகத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தவளுக்கும் இது தெரியாது.

ஜெசிந்தா சிரித்தாளா அழுதாளா என்று கரையிலிருந்து பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. அவள் ஈரச்சேலையோடு ஏறி, அவனுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தாள். வள்ளம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"வேற?" என்றாள். "வேற என்னல்லாம் சொன்னான்? சொல்லுங்க."